பூங்காவனக் காட்சி

இந்தமுறை இயேசுவாக நடிக்கப்போவது றொகான் என்று ஜெசிதா சொன்னதும் பங்குக் கோயில் மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. குருநகரில் தவக்காலந்தோறும் போடப்படும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில், மீசை முளைத்த நாளிலிருந்து றொகானுக்கு உரோமைப் படைவீரன் வேடந்தான். ஆள் நல்ல உயரம். குரலோ, மீன்பிடிக்கும் கடலில் பக்கத்துப் படகுக்காரனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அவன் சாட்டையை ஓங்கிக்கொண்டு மேடைக்கு வந்தால், முன்னால் பாயில் இருக்கும் சின்னப்பிள்ளைகள் தாயின் மடிக்குள் முகத்தைப் புதைக்கும்.

“அப்ப உவனுக்கு அடிக்கிறது ஆர்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

இவ்வளவு காலமும் இயேசுவாக நடித்தவர் மகனோடு இருக்கவென்று பிரான்சுக்குப் போய்விட்டார். ஜெசிதா அந்தப் பங்கில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடமொன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். அவள் எழுதி இயக்கும் முதல் பாடுகளின் நாடகம் இது.

“றொகான் அண்ணைக்குத் தாடி இருக்கு. ஒட்டுத் தாடி தேவையில்லை” என்று மட்டும் சொன்னாள்.

தாடி கார்த்திகையிலிருந்து வளர்ந்தது. அதை அவன் ஏன் வழிக்காமல் விட்டிருக்கிறான் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால் சிரிப்பு சட்டென்று அடங்கிப்போனது.

ஜெசிதா முதலில் அவனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டபோது அவன் யோசிக்கக்கூட இல்லை. “ஓம்” என்றுவிட்டான். இயேசுவாக நடிப்பவர் தவக்காலம் முழுவதும் தொழிலுக்குப் போகாமல், ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி பிடித்து, ஒத்திகையும் செபமுமாக இருப்பதுதான் அதுவரை வழக்கமாக இருந்தது. றொகானுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். உயிர்த்த ஞாயிறு வரை ஒருவரும் அவனை வழியில் மறித்து, “இன்னும் கடலுக்குப் போகேல்லையோ?” என்று கேட்கமாட்டார்கள்.

அவனைக் கடலுக்குப் போகவிடாமல் செய்த விபத்து கார்த்திகையில் நடந்தது. அவனும் யாகப்புவும் நெடுங்காலமாக ஒரே போட்டில் மீன்பிடிக்கப் போனவர்கள். யாகப்பு அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்று விடிந்துகொண்டிருந்த நேரம், மண்டைதீவுக்கு அப்பால் வலையை ஏற்றிக்கொண்டிருந்தபோது வாடைக்காற்று முறுகிப் போட் கவிழ்ந்தது. கவிழ்ந்த போட்டை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஒன்றாகக் கயிறு போட்டுக் கட்டியிருந்த இரண்டு வெறும் எண்ணெய்க் கான்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இருவரும் மிதந்தார்கள். மத்தியானம் வேறொரு போட் அந்த வழியால் வந்தபோது, கானைப் பிடித்தபடி றொகான் மட்டும்தான் இருந்தான். யாகப்புவின் உடல் பிறகு கரையொதுங்கியது. போட்டையும் யாரோ கட்டியிழுத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தண்ணீருக்குள் என்ன நடந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் றொகான், “நினைவில்லை” என்று சொல்லிவிட்டான்.

முதலில் துக்கம் என்றான். பிறகு எஞ்சினுக்குள் உப்புத்தண்ணீர் போய்விட்டது என்றான். எஞ்சினைத் திருத்தி முடித்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது. கரையில் மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்திக்கொடுத்தும், சந்தையில் மீன் ஏலம் கூறியும் பொழுதைப் போக்கினான். மனைவி மெற்றில்டா நண்டுக் கொம்பனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பயம் என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் யார் வாயிலும் வரவில்லை. ஆனால் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்போது அவனால் கண்ணை மூட முடியவில்லை. மூடினால் மூச்சு அடைத்தது. துவாயை நனைத்துத் தலையைத் துடைத்துவிட்டு, குளித்தவன் மாதிரி உள்ளே வருவான். கடலுக்கே போகாதவன், காற்று எவ்வளவு என்று கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்தான். முற்றத்துத் தென்னோலை சற்று உரத்து அசைந்தால், சாப்பிட்ட கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போவான். போய், ஒன்றுமில்லாத மாதிரி நாயை அதட்டிவிட்டு வருவான்.

மெற்றில்டாவின் தம்பி பிரகாஸ்தான் அவனை விடாமல் அரித்துக்கொண்டிருந்தவன். “அத்தான், போட் வெய்யிலிலை கிடந்து வெடிக்கப்போகுது. நான் உங்களோடை வாறன். ரெண்டு பேருமாப் போவம்.”

“பாடுகளின்ரை நாடகம் முடியட்டும்” என்றான் றொகான். பிரகாசுக்கும் அந்த நாடகத்தில் பேதுரு வேடம் கிடைத்திருந்தபடியால் அவனால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஒத்திகை மாசியில் தொடங்கியது. மற்றக் காட்சிகளெல்லாம் பரவாயில்லை. சிலுவை சுமப்பது றொகானுக்குப் பெரிய காரியமில்லை. எஞ்சினைத் தோளில் சுமக்கிறவன். இடறிக்கொண்டிருந்தது பூங்காவனக் காட்சி. தன்னைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்த இயேசு, சீடர் மூவரோடு தோட்டத்துக்குப் போகிறார். கொஞ்சநேரம் என்னோடு விழித்திருங்கள் என்று அவர்களைக் கேட்டுவிட்டுத் தள்ளிப்போய்ச் செபிக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் அவர்கள் நித்திரை. மூன்றுமுறை இப்படி நடக்கிறது. முந்தைய நாடகங்களில் இந்தக் காட்சி கெதியில் முடிந்துவிடும். ஒரு பாட்டு, மேலேயிருந்து இறக்கை கட்டிய வானதூதராக ஒரு சம்மனசு வந்து ஆறுதல் சொல்லும், உடனே யூதாசும் படைவீரரும் வந்துவிடுவார்கள். ஜெசிதா சம்மனசை எடுத்துவிட்டாள். பாட்டையும் எடுத்துவிட்டாள்.

“சம்மனசு வராட்டில் அது என்ன பூங்காவனம்?” என்று பங்குச் சபையில் ஒருவர் குறைப்பட்டார்.

“ஆறுதல் வந்திட்டால் பேந்தென்ன பயம்?” என்றாள் ஜெசிதா.

பாட்டும் சம்மனசும் இல்லாத அந்த நீளக் காட்சியில் றொகான் தனியே நிற்கவேண்டியிருந்தது. அவன் தன் பங்குக்கு எல்லாம் செய்தான். முழங்காலில் தொப்பென்று விழுந்தான். இரண்டு கையையும் கூரைக்கு நீட்டி “பிதாவே!” என்று அலறினான். நெஞ்சிலடித்தான். நித்திரையாய்க் கிடந்த சீடரிடம் வந்து, “என்னோடை கொஞ்சநேரம் முழிச்சிருக்க ஏலாதோ உங்களுக்கு?” என்று கேட்டது, வலை இழுக்க வராமல் படுத்திருப்பவனை எழுப்புவது போலவே இருந்தது.

ஜெசிதா மேடைக்குக் கீழே நின்று பார்த்தாள். “அண்ணை, நல்லாத்தான் செய்யிறியள். ஆனா நீங்கள் பயப்படேல்லை. பயந்த ஆளைப்போலை காட்டுறியள்.”

“காட்டத்தானே பிள்ளை சொல்லுறாய்?”

அவள் எல்லோரையும் நிலத்தில் வட்டமாக இருத்தினாள். பயம் வந்தால் உடம்பு என்ன செய்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். யூதாசாக நடித்தவர் தனக்கு விக்கல் வரும் என்றார். பிரகாஸ் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். “எனக்குச் சிரிப்பு வரும். ஒருக்கால் ஆமி ரவுண்டப்பிலை பிடிச்சு எல்லாரையும் வெய்யிலிலை இருத்தி வைச்சவங்கள். எனக்குச் சிரிப்பை அடக்கேலாமல் போட்டுது. அதுக்கும் சேர்த்து அடி விழுந்தது.” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே றொகானைப் பார்த்தார்கள், அடுத்தது அவன்.

“எனக்குப் பயமில்லை” என்றான் றொகான்.

மண்டபத்து மின்விசிறி கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது. பிரகாஸ் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மௌனம் றொகானுக்குச் செவிட்டில் அறைந்தது போல இருந்தது. எல்லோருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம், அங்கிக்கு அளவெடுக்க லூர்த்தம்மா வீட்டுக்கு வந்தாள். அவள் யாகப்புவின் மனைவி. நாடகத்துக்கு உடுப்புத் தைப்பது வருடாவருடம் அவள்தான். இந்த வருடம் வேறு யாரிடமாவது கொடுப்போமா என்று கேட்டதற்கு, தானே தைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாளாம். அடக்கத்துக்குப் பிறகு றொகான் அவள் கண்ணில் படுவதைத் தவிர்த்தே வந்தான். அவள் வரும் ஒழுங்கையைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவான். இப்போது அவள் வீட்டுக்குள் நின்றாள், கழுத்தில் அளவுநாடாவோடு.

“குனி தம்பி. எட்டுதில்லை.”

அவன் குனிந்தான். நாடா கழுத்தைச் சுற்றி வந்தது. தோளுக்குப் போனது. கையை நீட்டச் சொன்னாள், நீட்டினான். விரல்களை இறுக மடக்கிக்கொண்டான்.

“கையை விரி. சட்டைக்கை நீளம் பாக்கவேணும்.”

அளவெடுத்து முடிந்தும் அவள் போகவில்லை. நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“தம்பி, ஒண்டு கேக்கட்டே? கடைசியா அவர் என்னவும் கதைச்சவரோ?”

றொகானுக்குத் தொண்டைக்குள் உப்புக் கரித்தது. வீட்டுத் தரை மெல்ல ஏறி இறங்குவது போல இருந்தது. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான்.

“நினைவில்லை அக்கா.”

“யோசிச்சுப் பாரன். அவர் வாய் பொத்திக்கொண்டு இருக்கிற ஆளில்லையே.”

அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்திருந்தால் அவன் கோபப்பட்டிருப்பான். சந்தேகம் இல்லை. பசித்தவர் கேட்பது போலக் கேட்டாள். அவள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, “சரி, பிறகு சொல்லு” என்று போய்விட்டாள். அந்தப் “பிறகு” அவன் நெஞ்சில் கல்லைப்போல் ஏறி இருந்தது. அங்கி தைத்து முடிந்ததும் அவள் திரும்பவும் வருவாள். நாடகத்தன்று வருவாள். கழற்றிய அங்கியை வாங்கவும் வருவாள்.

பின்னேரம் மெற்றில்டா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அவன் போய்ச் சொன்னான்.

“நான் விடப்போறன்.”

“எதை?”

“நாடகத்தை.”

“விட்டிட்டு? தொழிலுக்குப் போகப்போறியளோ?”

அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவன் கொடிக்கயிற்றைப் பார்த்தான்.

“உங்களுக்குப் பயமெண்டு எனக்குத் தெரியும்” என்றாள் மெற்றில்டா. “கிணத்தடியிலை நீங்கள் தலையைத் துடைச்சுப்போட்டு வாறதை நான் பாக்கேல்லை எண்டோ நினைக்கிறியள்? நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நாலு மாசமா எனக்கு முன்னாலை நடிக்கிறியள். அதைவிட அந்த மேடை பெரிசே?”

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் ஏதோ கத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்குப் போனான். வேடத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும்.

ஜெசிதா தனியே இருந்தாள். கம்பியை வளைத்து, அதன்மேல் பழைய பத்திரிகைத் தாளைப் பசையில் தோய்த்து ஒட்டி, ஒலிவமரம் செய்துகொண்டிருந்தாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். கை மட்டும் வேலையை விடவில்லை.

“அண்ணை, இந்தக் காட்சியை நான் ஏன் நீட்டினனான் தெரியுமோ?” என்றாள். “எனக்குப் பதினாலு வயசு இருக்கேக்கை சண்டைக்காலம், ஊரடங்கு. அப்பா வரப் பிந்தினால் அம்மா வெங்காயம் அரிவா. கறிக்கு வேண்டியதைவிடக் கூட. அரிஞ்சுகொண்டே இருப்பா. எங்களைப் பாத்து, ‘படியுங்கோ, அப்பா இப்ப வந்திடுவார்’ எண்டு சிரிப்பா. கண்ணீர் வந்தால் வெங்காயமெண்டு சொல்லலாம்தானே. கத்தினதில்லை, கும்பிட்டதில்லை. வெங்காயம்தான். எனக்கு இண்டைக்கும் பலகையிலை கத்தி படுற சத்தம் கேட்டால் எழும்பிப் போய் வாசலைப் பாப்பன்.”

“அப்பா?”

“ஒருநாள் வரவேயில்லை. அம்மா அரிஞ்ச வெங்காயம் சுளகிலை அப்பிடியே காய்ஞ்சு கிடந்தது. சம்மனசு ஒண்டும் எங்கடை வீட்டுக்கு வரேல்லை.”

அவள் பசைக்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

“பயந்த ஆள் பயத்தைக் காட்டமாட்டான் அண்ணை. ஒளிக்கத்தான் பாப்பான். நீங்கள் அதிலை கெட்டிக்காரன். மேடையிலையும் ஒளியுங்கோ. கத்தவேண்டாம், விழவேண்டாம். ஒளிச்சுக்கொண்டே இருங்கோ. ஒளிக்க ஏலாத இடம் ஒண்டு வரும். அந்த இடத்திலை விட்டிடுங்கோ.”

“விட்டால் என்ன நடக்கும்?”

“தெரியாது” என்றாள் அவள். “எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாடகம் பிழைச்சால் ஊர் என்னைத்தான் பேசும்.”

வேடத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் கொடுக்காமலே வந்தான். ஏனென்று அவனுக்கே விளங்கவில்லை. அவள் அவனைப் பயந்தவன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். அதற்குக் கோபம் வராதது அவனுக்குப் புதினமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவன் ஒத்திகையில் கத்தவில்லை. பூங்காவனத்துக்குள் வந்து, உட்காரக் கல்லைத் தட்டித் துப்புரவாக்கினான். அங்கிக் கையை நீவிவிட்டான். சீடரிடம் வந்து, அவர்கள் நித்திரையாக இருப்பதைக் கண்டு, பரவாயில்லை என்பது போலச் சிரித்தான். பார்த்துக்கொண்டிருந்த யூதாசுக்கு ஏனோ விக்கல் வந்தது. ஆனால் மூன்றாம்முறை சீடரிடம் வரும் இடத்தில் மட்டும் அவன் நின்றுவிடுவான். பிரகாசின் பக்கத்தில் குனியப் போவான், குனியமாட்டான். மேடையைவிட்டு இறங்கிப் பின்னால் போய்த் தண்ணீர் குடிப்பான். ஜெசிதா ஒன்றும் சொல்லவில்லை. “அந்த இடத்தை நாடகத்தண்டு பாப்பம்” என்று அடுத்த காட்சிக்குப் போய்விடுவாள். நாள் நெருங்க நெருங்க றொகானுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருசந்தி என்று ஊர் நினைத்தது.

நாடகம் பெரிய வெள்ளி வரும் கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, கோயில் முன்வெளியில். அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். அன்று பின்னேரம், அந்த மாதத்தில் வழக்கமில்லாத ஒரு காற்று எழுந்தது. மேடையின் பின்திரை படபடவென்று அடித்தது. கட்டியிருந்த கயிறுகள் முறுகி முனகின. அங்கியோடு திரைக்குப் பின்னால் நின்ற றொகான் கைபேசியை எடுத்துப் பார்த்தான். வைத்தான். திரும்ப எடுத்துப் பார்த்தான்.

“அதை இஞ்சை தாங்கோ” என்று ஜெசிதா வாங்கிக்கொண்டாள்.

“காத்துக் கூடுது பிள்ளை. நிப்பாட்டுவமே? சனம் பாவம்.”

“சனம் இருக்கும். நீங்கள் போங்கோ.”

போனான். வெளிச்சத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் முன்வரிசையில் லூர்த்தம்மா இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். இராப்போசனக் காட்சி முடிந்தது. பூங்காவனம் வந்தது. பத்திரிகைத் தாள் மரங்கள் காற்றில் ஆடின. கல்லைத் தட்டினான். இருந்தான். செபித்தான். குரல் தாழ்ந்திருந்தது, ஒலிவாங்கி இல்லாவிட்டால் கேட்டிருக்காது. முதல்முறை சீடரிடம் வந்து சிரித்தான். இரண்டாம்முறை வந்தபோது சிரிக்க முயன்றான், முடியவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டுப் போனான்.

மூன்றாம்முறை வந்தான். பின்திரை பெருஞ்சத்தத்தோடு ஒருதரம் ஊதி அடங்கியது. மேலே தொங்கிய மின்குமிழ்கள் ஆட, மேடை முழுவதும் ஏறி இறங்கியது. பிரகாஸ் ஒரு கையைத் தலைக்கு மேலே எறிந்து, வாயைத் திறந்தபடி கிடந்தான். றொகான் குந்தினான். சொல்லவேண்டிய வசனம் “எழும்புங்கோ, நேரம் வந்திட்டுது” என்பது. அது வரவில்லை. அவன் கை தானாகப் போய்ப் பிரகாசின் மூக்கருகே நின்று மூச்சு வருகிறதா என்று பார்த்தது.

“கதை” என்றான்.

பிரகாசுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணை மூடியபடி கிடந்தான்.

“கதை… என்னவும் கதை. நித்திரை கொள்ளாதை. உன்ரை சத்தம் கேட்டால் போதும். கதை…”

குரல் உடையவில்லை. கெஞ்சவுமில்லை. குளிரில் பல்லடிக்கும் ஒருவனின் குரல், அவ்வளவுதான். பிரகாஸ் கண்ணைத் திறந்தான். அத்தானின் முகத்தைக் கண்டதும் அவனுக்கு நாடகம் மறந்துபோனது. எழுந்திருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “இருக்கிறன்… நான் இஞ்சைதான் இருக்கிறன்” என்றான். வேறென்ன சொல்வதென்று தெரியாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இருவரும் அப்படியே இருந்தார்கள். எவ்வளவு நேரமென்று பிறகு ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார்கள். கடைசியில் ஜெசிதாதான் படைவீரர்களைப் பிடித்து மேடைக்குத் தள்ளினாள்.

மிச்ச நாடகம் நடந்து முடிந்தது. சனம் கலைந்து போகும்போது பலதும் பேசிக்கொண்டு போனது. இயேசுநாதர் என்ன எங்கடை மாதிரிக் கதைக்கிறார் என்று சிலர். சம்மனசு இல்லாதது பெருங்குறை என்று பங்குச் சபைக்காரர். ஒன்றும் பேசாமல் போனவர்களும் நிறையப் பேர்.

திரைக்குப் பின்னால் றொகான் ஒரு கதிரையில் இருந்தான். அங்கியைக் கழற்றவில்லை. லூர்த்தம்மா வந்தாள். அங்கியைக் கேட்கவில்லை. எதிரே கிடந்த பெட்டியின்மேல் இருந்தாள்.

“அவர் கதைச்சவர், என்ன?”

“ஓம் அக்கா.” அவன் தலையை நிமிர்த்தவில்லை. “நான்தான் கதைக்கச் சொன்னனான். எனக்குப் பயமாயிருந்தது. சரியான பயம். அவர் கதைக்கக் கதைக்கத்தான் நான் கானைப் பிடிச்சிருந்தன்.”

“என்ன கதைச்சவர்?”

“கோழிக்கூட்டுக்குக் கதவு போடேல்லை எண்டார். நீங்கள் கூழுக்குப் புளியை அளவுக்கு மிஞ்சி விடுறியள் எண்டார். உங்கடை கலியாணத்தண்டு மழை பெய்து, பந்தல் சோடினைத் தாளெல்லாம் சாயம் கரைஞ்சு உங்கடை சீலையிலை வடிஞ்சதாம், நீங்கள் அழுதியளாம். அதை ரெண்டுதரம் சொல்லிச் சிரிச்சவர். பிறகு…”

“பிறகு?”

“பிறகு நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தன். திரும்பிப் பாக்கப் பயமாயிருந்தது அக்கா. சும்மா கூப்பிட்டன். அவர் கதைக்கேல்லை.”

பின்திரை இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

“நீலச் சாயம்” என்றாள் லூர்த்தம்மா. “சீலை முழுக்க நீலம். துவைச்சும் போகேல்லை.” சேலைத்தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, “புளி கூடவாமோ? முப்பது வருசமா மூச்சுக் காட்டாமல் குடிச்சவர்” என்றாள். அது அழுகையா சிரிப்பா என்று றொகானுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அன்றோடு பயம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் பிரகாஸ் வந்து நின்றபோது, இடுப்புப் பிடிப்பைச் சொல்லவில்லை, “எனக்குப் பயமடா, ஏலாது. நீ வேறை ஆரையும் கூட்டிக்கொண்டு போ” என்றான். பக்கத்தில் நின்ற மெற்றில்டா நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் பாட்டில் மீனை வெட்டினாள். பிரகாஸ் இன்னொருவனைச் சேர்த்துக்கொண்டு போட்டைக் கொண்டுபோனான். அவர்கள் கடலில் நிற்கும் நாட்களில் றொகான் கரையில் நின்றான். கைபேசியில் காற்றைப் பார்த்தான். அவர்கள் வந்து சேரும்வரை தேத்தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். இப்போது அவன் இரண்டு பேருக்காகப் பயப்பட வேண்டியிருந்தது. அடுத்த வருடத்துக்கும் அவனைத்தான் இயேசுவாகப் போடவேண்டும் என்று ஜெசிதா ஒற்றைக்காலில் நிற்கிறாள். அந்த இடத்தை இன்னொருதரம் தன்னால் செய்ய முடியாது என்கிறான் அவன். பழைய சாட்டையையே தரும்படி கேட்டிருக்கிறான். அது இன்னும் முடிவாகவில்லை.

வைகாசி கடைசியில் போட்டின் அடிப்பக்கம் லேசாக வெடித்து, கொழும்புத்துறையில் ஒருவரிடம் ஒட்டக் கொண்டுபோகவேண்டி வந்தது. மற்றவனுக்குக் காய்ச்சல். கரையோடு ஒட்டிப் போகும் சின்னத் தூரம். தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. பிரகாஸ் கேட்கவில்லை. றொகான்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால் மட்டில் கொஞ்சநேரம் நின்றான். பிறகு ஏறினான். வழி முழுவதும் போட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி இருந்தான். பாதி வழியில் வாந்தி எடுத்தான். எஞ்சினைத் தணிக்கட்டா என்று பிரகாஸ் சைகையால் கேட்டான்; வேண்டாமென்று தலையாட்டினான்.

கொழும்புத்துறையில் இறங்கியபோது அவன் விரல்களை விரிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக உருவிவிட்டான். இறங்கிய தண்ணீரில் சாரம் தொடைவரை நனைந்திருந்தது.

“வேலை முடியக் கொண்டுபோகவேணும். அப்பவும் வாறியளோ, அத்தான்?”

“இப்ப கேக்காதை” என்றான் றொகான். “நான் நடந்து வீட்டை போறன்.”

கரையோரத் தெருவால் நடக்கத் தொடங்கினான்.